முதற்சொல் என்னும் கடன்

கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்கோ ஈரோட்டுக்கோ செல்லும் பேருந்தில் பக்கத்தில் வந்து அமர்கின்றவர், நம் பெயரும் தொழிலும் அறியாத ஒருவராயினும், சிறிது நேரத்திற்கெல்லாம் "எந்தூருங்க?" என்று வினவுவதும், விடை வந்தபின் "உங்க பக்கம் மழைங்களா?" என்று தொடர்வதும், இறங்கும் இடம் வந்ததும் "வரட்டுங்களா?" என்று விடைபெற்றுப் போவதும் கொங்கு நாட்டில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். இந்தச் சம்பாஷணையினால் கேட்டவருக்கு ஓர் ஊரின் பெயர் தெரிந்ததன்றி வேறு லாபம் இல்லை. சொன்னவருக்கு அதுவும் இல்லை. இருவரும் மறுபடி சந்திப்பார்கள் என்பதற்கும் நிச்சயமில்லை. அப்படியிருக்க, இப்பேச்சு எதற்காக? இது வாக்கின் விரயமா, அல்லது மனிதனுக்கு மனிதன் செய்யவேண்டிய தருமத்தின் ஓர் அங்கமா? அற்பமாகத் தோன்றும் இவ்வினாவைச் சற்று நின்று விசாரித்தால், நம் அறநூல்களின் இரண்டு பெரும் உபதேசங்கள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் இடத்திற்கே வந்துவிடுகிறோம்.

பேச்சுக்கு விரோதமான சாட்சியங்களை முதலில் கேட்போம். திருவள்ளுவர் இல்லறவியலில் 20ஆம் அதிகாரமாகப் பயனில சொல்லாமையை வைத்திருக்கிறார். பொய்யும் புறங்கூறலும் தீயவை என்பதை உலகம் எளிதில் ஒப்புக்கொள்ளும். எவருக்கும் வெளிப்படையாகத் தீங்கு செய்யாத வெறும் பேச்சையும் குற்றமென்று கருதி, அதற்கென ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கியவர் அவர். சான்றோர் இனிமையற்ற சொல்லைச் சொல்ல நேர்ந்தாலும் நேரலாம், பயனற்ற சொல்லைச் சொல்லலாகாது என்னும் எல்லைவரை செல்கிறார். அத்தகைய பேச்சைப் பாராட்டித் திரிகின்றவனை மனிதருள் பதராகவே எண்ணுகிறார். பௌத்த காவியமான மணிமேகலை, வாக்கினால் விளையும் தீவினைகளை நான்காக வகுத்து, பொய்க்கும் கோளுக்கும் கடுஞ்சொல்லுக்கும் அடுத்து நான்காவதாகப் பயனற்ற பேச்சை நிறுத்துகிறது. பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊராகச் சொல்லப்படும் விஜயமங்கலத்தில் சந்திரப்பிரபர் கோயில் இன்றும் நிற்கிறது. அந்தச் சமண மரபின் துறவிகள் மேற்கொண்ட ஐந்து சமிதிகளுள் ஒன்று, நாவை அளந்து ஆளும் பாஷா சமிதி. இயேசுநாதரும், மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின்படி, வீண் சொல் ஒவ்வொன்றுக்கும் இறுதித் தீர்ப்பின் நாளில் பொறுப்புக் கேட்கப்படும் என்று எச்சரித்தார். சைவ மரபிலோ, கல்லால மரத்தடியில் நால்வருக்கு மெய்ப்பொருளை உணர்த்திய தட்சிணாமூர்த்தி வாய் திறக்கவே இல்லை. அங்கே மௌனமே உபதேசமாயிற்று.

இவற்றை லேசாக எண்ணித் தள்ளிவிட முடியாது. ஓயாமல் பேசுகின்றவனுடைய மனம் தன்னைத் தானே நோக்கும் ஆற்றலை நாளடைவில் இழந்துவிடுவதையும், பேசுவதற்கு விஷயம் தீர்ந்துபோனபோது அயலாரின் குற்றமே விஷயமாகிவிடுவதையும், திண்ணைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் கண்கூடாகக் காண்கிறோம். புறங்கூறாமைக்கு அடுத்தபடியாகவே பயனில சொல்லாமை வைக்கப்பட்டிருப்பதன் நியாயம் அங்கே விளங்கிவிடும்.

ஆயினும் அதே இல்லறவியலில், இவற்றுக்கெல்லாம் முன்னே, 9ஆம் அதிகாரமாக விருந்தோம்பலும் அதனைத் தொடர்ந்து இனியவை கூறலும் நிற்கின்றன. உரையாசிரியர் பரிமேலழகர், முன்பே அறிந்திருத்தலால் நம்மைக் கருதி வருகின்றவர் என்றும், அவ்வறிமுகம் இன்றி வந்து சேர்கின்றவர் என்றும் விருந்தினரை இருவகையாகப் பிரிக்கிறார். அவர்களைப் பேணுகின்றவருக்கு வேண்டியவை மூன்று என்றும் வரிசைப்படுத்துகிறார்: தொலைவில் காணும்போதே மலர்ந்த முகம், அதனை நம்பி அருகில் வந்தபோது இனிய சொல், அச்சொல்லுக்கு அவர் இசைந்தபின் நல்லன செய்தல். இந்த வரிசையில் சோறு மூன்றாவது இடத்திலும் சொல் அதற்கு முன்னும் இருக்கின்றன என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. முன்பின் அறியாத ஒருவரிடம் சொல்லத்தக்க அந்த இனிய சொல் எதைப் பற்றியதாக இருக்கக்கூடும்? தத்துவ விசாரம் அந்த முதல் நொடிக்குப் பொருந்தாது. குடும்ப ரகசியத்திற்கு அங்கே உரிமை இல்லை. ஊர், வழி, மழை, பசி ஆகிய சர்வசாதாரணமான விஷயங்களே எஞ்சுகின்றன. ஆகவே விருந்தோம்பலை விதித்த நூல், மழையைப் பற்றிய பேச்சையும் மறைமுகமாக விதித்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

அங்ஙனமாயின் வள்ளுவர் தம்மைத் தாமே மறுக்கிறாரா? இல்லை. அதற்கான விடையும் பரிமேலழகரிடமே இருக்கிறது. தமக்கும் பிறருக்கும் அறம், பொருள், இன்பம் என்னும் பயன்களுள் ஒன்றையும் விளைக்காத சொல்லே பயனில்லாத சொல் என்று அவர் இலக்கணம் வகுக்கிறார். பொருளை மாத்திரம் பயனாக எண்ணுகின்ற வியாபார மனம், செய்தியும் லாபமும் தராத பேச்சையெல்லாம் பயனற்றதென்று தீர்ப்புச் சொல்லிவிடும். அறநூலின் தராசு அவ்வளவு சிறியதன்று. மருத்துவமனை வராந்தாவில் துணையின்றி அமர்ந்திருக்கும் ஒரு முதியவர், பெயர் அறியாத ஒருவர் வந்து "சாப்புட்டீங்களா?" என்று கேட்டதனால் அடைகின்ற ஆறுதல் இன்பத்தின்பாற்படும், கேட்டவர் செய்தது அறத்தின்பாற்படும். களத்தில் குவித்த நெல்லையும் அதனுள் கலந்த பதரையும் பார்வையால் பிரித்துவிட முடியாது; உள்ளே மணி உண்டா என்பதொன்றே வேறுபாடு. அவ்வாறே குசலம் விசாரிக்கும் சொல்லும் வெறும் சொல்லும் வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கும். எதிரே இருப்பவர் ஒரு ஜீவன் என்னும் உணர்வு உள்ளே இருந்தால் அது நெல், இல்லையேல் பதர்.

கொங்கு நாட்டில் மழையைப் பற்றிய பேச்சுக்கு அதன் வறட்சியே ஒரு காரணம். மேற்கு மலைத்தொடரின் மழை மறைவில் கிடக்கும் இப்பூமிக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் மழை சுமார் 700 மில்லிமீட்டர். பாலக்காட்டுக் கணவாயின் வழியே ஆடிக்காற்று வீசும்போது, மலைக்கு அப்பால் கொட்டித் தீர்க்கின்ற மேகம் இப்பால் தூறலாக நின்றுவிடும். மானாவாரி நிலமும் ஆழக் கிணறும் வைத்திருக்கும் ஒருவர் இன்னொருவரிடம் மழை பெய்ததா என்று கேட்கும்போது, உம்முடைய வாழ்வு எப்படி இருக்கிறது என்பதையே, அவருக்கு நோவு உண்டாகாத வகையில், வானத்தைச் சாக்கிட்டுக் கேட்டுவிடுகிறார். கேட்கப்பட்டவர் விரும்பினால் தம் கஷ்டத்தைச் சொல்லலாம். விரும்பாவிட்டால் "ஏதோ தூத்தலுங்க" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். சொல்லுவதற்கும் சொல்லாதிருப்பதற்கும் ஒருங்கே இடமளிக்கின்ற இவ்வினாவில் எவ்வளவு நாகரிகம் பொதிந்திருக்கிறது!

இதற்கு இன்னும் தெளிவான நிரூபணம் மாட்டுச் சந்தைகளில் கிடைக்கிறது. சித்திரையில் மாரியம்மன் திருவிழாவையொட்டிக் கண்ணபுரத்தில் கூடும் சந்தைக்குக் காங்கேயம் காளைகளை ஓட்டிக்கொண்டு வருகின்றவர்களிடையே, விலை பேசும் முறை ஒன்று பரம்பரையாக இருந்துவருகிறது. தரகரும் மாட்டுக்காரரும் ஒரு துண்டின் மறைவில் கைகளைக் கோத்து, விரல்களைப் பற்றியும் அழுத்தியும் தொகையைத் தெரிவித்துக்கொள்வார்கள். பேரத்தின் உயிரான அந்த எண் வாய்வழியே வெளிப்படுவதே இல்லை. அவ்வேளையில் வாய் பேசிக்கொண்டிருப்பதோ, சோளத்தட்டின் விலை, வந்த வழி, கிணற்றின் நீர்மட்டம், பிள்ளைகளின் படிப்பு. பிரயோஜனமுள்ள காரியம் மௌனத்தில் நடக்க, பிரயோஜனமற்றதென்று நாம் எண்ணுகின்ற பேச்சு வெளியில் நடக்கிறது. லாபம் ஒன்றே மனிதருடைய நோக்கமாயின் அந்தப் பேச்சு எப்போதோ உதிர்ந்துபோயிருக்க வேண்டும். அது உதிரவில்லை, ஏனெனில், துண்டுக்கு அடியில் இருக்கும் கையை நம்பவைப்பது துண்டுக்கு வெளியே இருக்கும் அந்தப் பேச்சே.

மேல்நாட்டு அறிஞரும் இவ்வுண்மையை வேறொரு வழியில் கண்டிருக்கிறார்கள். பசிபிக் சமுத்திரத்திலுள்ள டிரோப்ரியாண்ட் தீவு மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்த மானிடவியலாளர் பிரானிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி, 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில், நலம் கேட்பதும் வானிலையைப் பேசுவதும் கருத்தைத் தெரிவிப்பதற்காக நிகழ்வன அல்ல என்றும், மனிதரை மனிதரோடு பிணைப்பதே அவற்றின் தொழில் என்றும் விளக்கினார். அறியாத ஒருவனுடைய மௌனம் சுபாவத்திலேயே மனிதனுக்கு அச்சத்தை விளைக்கும் என்பது அவருடைய அபிப்பிராயம். ஆனால் அவருடைய விளக்கம் சமூகத்தின் அளவில் நின்றுவிடுகிறது. நம் மரபு அதற்கு மேலும் ஒரு படி செல்கிறது.

பூஜையில் பதினாறு உபசாரங்கள் விதிக்கப்பட்டிருக்கின்றன. எங்கும் நிறைந்த இறைவனை எழுந்தருளச் சொல்லி வேண்டுகிறோம். இருப்பிடம் வேண்டாதவனுக்கு ஆசனம் இடுகிறோம். தாகமில்லாதவனுக்கு நீர் சமர்ப்பிக்கிறோம். இவை அவனுக்கு எதையும் அறிவிப்பதற்காகச் செய்யப்படுவன அல்ல. அவன் சந்நிதியில் நாம் நிற்கிறோம் என்பதை நமக்கு நாமே உறுதிசெய்துகொள்வதற்காகச் செய்யப்படுவன. கொங்கு நாட்டுக் கிராமத்து வீட்டிற்குள் நுழைகின்றவருக்கு, வந்த காரியத்தைக் கேட்பதற்கு முன் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்து, "வாங்க, உக்காருங்க, பாப்பா நல்லாருக்குதுங்களா?" என்று விசாரிக்கும் குடியானவப் பெண், ஆகமம் அறியாதவளாயினும், அந்த உபசார வரிசையையே நடத்துகிறாள். திருமூலரும் திருமந்திரத்தில், எவராலும் செய்ய இயன்ற தருமங்களை எண்ணும்போது, தெய்வத்துக்குப் பச்சிலை ஒன்றையும், பசுவுக்குச் சிறிது தீனியையும், உண்ணும்போது பிறருக்கு ஒரு பிடி சோற்றையும் சொல்லி, அவற்றோடு சேர்த்து நான்காவதாக இனிய மொழியை வைத்தார். பச்சிலைக்குச் செடியும், ஒரு பிடி சோற்றுக்கு அடுப்பும் வேண்டும். சொல்லுக்கோ ஒன்றும் வேண்டியதில்லை. ஆதலால் ஏழையினும் ஏழைக்கு எஞ்சி நிற்கும் தானம் அதுவே. செய்யாதிருப்பதற்கு எவருக்கும் சாக்குச் சொல்ல இடமில்லாத தானமும் அதுவே.

இத்தருமத்தின் மகிமையைக் காட்டும் வரலாறு ஒன்று கொங்கு மண்ணிலேயே நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். சேரமான் பெருமாளைக் காணும் பொருட்டு மலைநாடு நோக்கிப் புறப்பட்ட சுந்தரமூர்த்தி நாயனார், கொங்கு நாட்டின் வழியே திருப்புக்கொளியூரை, இன்று நாம் அவிநாசி என்று வழங்கும் அத்தலத்தை, வந்தடைந்தார். வேதியர் வீதியில் செல்லுகையில் ஒரு வீட்டில் மங்கல ஒலியும் எதிர்வீட்டில் அழுகையும் எழக் கேட்டு, அங்கிருந்தவரிடம் அதன் காரணத்தை வினவினார். ஐந்து வயதுச் சிறுவர் இருவர் முன்னொரு காலத்தில் மடுவில் குளிக்கச் சென்றதையும், ஒருவனை முதலை விழுங்கியதையும், பிழைத்தவனுக்கு இன்று உபநயனம் நடப்பதையும், இழந்தவர் அந்த ஒலி கேட்டு அழுவதையும் அவர்கள் சொன்னார்கள். பிறகு அப்பெற்றோர், நாயனார் எழுந்தருளினார் என்று கேள்வியுற்று, தம் துயரை உள்ளடக்கி மலர்ந்த முகத்தோடு வந்து வணங்கினார்கள். அவரோ, மகனை இழந்தவர் நீங்கள்தாமோ என்று விசாரித்தார். புத்திர சோகத்தையும் மறந்து தம் வரவுக்கு மகிழ்கின்ற அவ்விருவரின் அன்பைக் கண்டு, மடுக்கரைக்குச் சென்று பதிகம் பாட, முதலை அப்பிள்ளையைக் கடந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடும் கரையில் கொண்டுவந்து உமிழ்ந்தது என்பது புராணம். பங்குனியில் முதலைவாய்ப் பிள்ளை உற்சவமாக அவிநாசியில் இது இன்றும் கொண்டாடப்படுகிறது.

அற்புதத்தை நம்புகின்றவர் நம்பட்டும், நம்பாதவர் விடட்டும்; அற்புதத்திற்கு முன்னே நிகழ்ந்தது என்ன என்பதே என் விசாரம். ஒரு வழிப்போக்கர் தமக்குச் சம்பந்தமில்லாத ஒரு தெருவில் நின்று, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார். அவர் கேளாமல் நடந்திருந்தால், அந்த வீட்டின் அழுகை அந்த வீட்டோடு அடங்கியிருக்கும், பதிகமும் பிறந்திராது. அரசரால் வரவேற்கப்படும் மதிப்புடையவராயிருந்தும், அவர் ஒருவர் வந்து முறையிடும்வரை காத்திருக்கவில்லை. தாமே முதற்சொல்லைச் சொன்னார். எதிர்முகத்தில் மலர்ச்சியும் இந்த முகத்தில் வினாவுமாக அவர்கள் சந்தித்த அந்த நிலையில், விருந்தோம்பலுக்குரிய இன்முகமும் இன்சொல்லும் ஒருங்கே நிறைவெய்தின.

இனி, மனம் நொந்து சொல்லவேண்டிய மறுபக்கத்துக்கு வருவோம். "எந்தூருங்க?" என்னும் அதே வினாவுக்குப் பின்னால், "ஊருக்குள்ள எந்தப் பக்கமுங்க?" என்று இரண்டாவது வினா ஒன்று நம் நாட்டில் உண்டு. முதலாவது வினா கதவைத் திறக்கிறது; இரண்டாவது, வந்தவர் உள்ளே வரத்தக்கவரா என்பதை அளக்கிறது. குலமும் கூட்டமும் ஒத்துவந்தால் மாமன் மச்சான் என்றோ பங்காளி என்றோ உறவு கொண்டாடும் ஆனந்தம் பிறக்கிறது. ஒத்துவராவிட்டால், அதுவரை சொற்களின் ஈற்றில் ஒட்டியிருந்த மரியாதை அந்த நொடியிலேயே உதிர்ந்துவிடுகிறது. கொங்கு நாட்டின் தேநீர்க் கடைகள் பலவற்றில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று தனிக் குவளை வைத்திருந்த வழக்கத்தை நாம் அறிவோம். அந்தக் குவளையை எடுத்துக் கொடுப்பதற்கு முன் கேட்கப்பட்டதும் குசலப் பேச்சாகத் தோன்றிய ஒரு வினாவே. அவ்வாறே, மணமாகிச் சில ஆண்டுகளான பெண்ணிடம், கல்யாண வீட்டின் கூட்டத்தின் நடுவே, "விசேஷம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்று சிரித்த முகத்தோடு கேட்கின்றவர்கள், அக்கேள்வி அவள் நெஞ்சில் எத்தனை நாள் தங்கும் என்பதை எண்ணுவதில்லை. இவை யாவும் வாக்கில் இனியவை, பயனில் கொடியவை. வள்ளுவரின் கடுமைக்கு உண்மையான இலக்கு மழைப் பேச்சன்று, இத்தகைய பேச்சே என்று எனக்குத் தோன்றுகிறது.

அளப்பதற்காகக் கேட்பது ஒரு பாவமாயின், கேளாமலே விட்டுவிடுவது மற்றொரு பாவம். திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்சாலைகளிலும் கோயமுத்தூரின் ஆலைகளிலும் பட்டறைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய தேசங்களிலிருந்து வந்த தொழிலாளர் ஏராளமாக வேலை செய்கிறார்கள். நம் தெருவில் குடியிருந்து, நம் கடையில் அரிசி வாங்கி, நம் பேருந்தில் நின்றுகொண்டே பயணம் செய்கின்ற அவர்களிடம், எந்த ஊர் என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரவியபோது, அவர்களிடையே பெரும் அச்சம் எழுந்தது. அரசு மறுப்பு வெளியிட்டது. காவல்துறையினரும் ஆட்சியாளரும் தொழிலாளர் விடுதிகளுக்கே சென்று தைரியம் சொன்னார்கள். பீகார் அரசின் அதிகாரிகளும் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் வந்து அவர்களைக் கண்டு பேசினார்கள். ஒரு வதந்தி அவ்வளவு விரைவில் வேரூன்றியதற்கு, தினந்தோறும் அருகருகே நடமாடிய இரு சாராருக்குமிடையே, அந்த வதந்தியைப் பொய்யென்று அறிந்துகொள்வதற்குப் போதுமான பழக்கம் இல்லாதிருந்ததும் ஒரு காரணமன்றோ? பாஷை தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. துண்டுக்கு அடியில் விரல்களால் ஆயிரங்களைப் பேசத் தெரிந்த நாடு, தலையசைப்பாலும் புன்னகையாலும் இரண்டு வார்த்தை இந்தியாலும் ஒருவனை நலம் விசாரிக்கத் தெரியாத நாடு என்று சொன்னால் யார் ஒப்புவார்?

சிலர் கூச்சத்தினால் பேசாதிருக்கிறார்கள். பிறருடைய தனிமையைக் கலைக்கலாகாது என்னும் நல்லெண்ணமும் அதில் உண்டு. 2014ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சிகாகோ நகரத்து ரயில் பயணிகள், அறியாதவரோடு பேசினால் பயணம் சங்கடமாகும் என்று எதிர்பார்த்தார்கள். பேசியவர்களோ தம் பயணம் இனிதாக இருந்ததென்று தெரிவித்தார்கள். நாம் மதிக்கும் அந்தத் தனிமை, பல சமயங்களில், இருபுறத்தும் உள்ள அச்சத்துக்கு நாம் இட்ட கௌரவமான பெயராகவே இருக்கிறது. ஆனால் எல்லா மௌனமும் அச்சமன்று. துக்கத்திலிருப்பவரும், ஜபத்திலிருப்பவரும், வெறுமனே களைத்திருப்பவரும் பேச விரும்பமாட்டார்கள். ஒரு வார்த்தையில் விடை சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண்ணுக்கு அவ்வாறு திருப்பிக்கொள்ளும் பூரண உரிமை உண்டு. உபசாரம் செய்பவன் ஏற்கும்படி வற்புறுத்துவதில்லை. தட்சிணாமூர்த்தியின் மௌனத்தில் சீடர் நால்வரும் தாங்கள் அங்கீகரிக்கப்பட்டதை உணர்ந்தார்கள். அலட்சியத்தின் மௌனத்தில் எதிரே இருப்பவன் தான் இல்லாதவனாகிவிட்டதை உணர்கிறான். பேச்சைப் போலவே மௌனத்துக்கும் உள்ளே மணி வேண்டும்.

எனவே, இவ்விசாரத்தின் முடிவில் ஒரு கடமை நம் எதிரே நிற்கிறது. பரிமேலழகர் சொன்ன மூன்றும் விருந்தோம்புகின்றவருக்கு உரியவை. விருந்தினர் முதலில் பேசவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எந்த இடத்திலும், யாருக்கு அந்த இடம் சொந்தமாக இருக்கிறதோ அவரே முதற்சொல்லைச் சொல்லக் கடமைப்பட்டவர். தெருவில் சொந்த வீடுடையவர் அங்கே வாடகைக்கு வந்தவரிடமும், ஆலையில் ஆண்டுக்கணக்காக வேலை செய்தவர் நேற்றுச் சேர்ந்தவரிடமும், குலத்தின் பெயரால் தலைமுறை தலைமுறையாக மரியாதை பெற்றவர் அது மறுக்கப்பட்டவரிடமும், தாமே சென்று, அளப்பதற்கான கேள்வியை விட்டு, நலம் விசாரிக்கும் கேள்வியைக் கேட்டு, வருகின்ற விடையைப் பொறுமையோடு செவிமடுக்க வேண்டும். புதியவர் தயங்குவது இயல்பு. அவருக்கு இங்கே இடம் உண்டா என்பதே அவருக்குத் தெரியாது. இடமுடையவர் தயங்குவதற்கு நியாயம் ஒன்றுமில்லை. அவர் சொல்லாமல் விடுகின்ற ஒவ்வொரு முதற்சொல்லும் அவர் பெயரில் ஏறி நிற்கின்ற கடன். செலவில்லாத இந்தக் கடனைக் கூடத் தீர்க்காதவன், செலவுள்ள வேறு தருமங்களால் அதற்கு ஈடு செய்துவிட முடியாது.